கைதிக்கும் அக்காவுக்கும் நடுவில்

என் அத்தான் போர்க்கைதியாக இருந்தவர் என்று சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. எந்தப் படையில் இருந்தவர் என்று கேட்பார்கள். குசினிப் படையில் என்பேன். அவர் ஒரு சரக்குக் கப்பலில் சமையற்காரர். வாழ்நாளில் அவர் தூக்கிய மிகப் பெரிய ஆயுதம் அகப்பை. ஆனாலும் அவரைத் துவக்கும் குண்டுமாக வந்தவர்கள் கொண்டுபோய், முட்கம்பிக்கு உள்ளே வைத்து, தட்டும் கோப்பையும் கொடுத்து, ஒரு வருடத்துக்குக் கிட்ட வைத்திருந்தார்கள். அந்தப் போரில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. வேலணையில் அக்கா வீட்டுக் கதிரையில் இருந்தபடியே, இரண்டு பக்கத்தாலும் அடி வாங்கியவன் நான்தான்.

விஷயம் விளங்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துக் கோபத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்களூரில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் கோபம் என்றால் நேரே கதைக்க மாட்டார்கள். கதைக்காமல் வீட்டு அலுவல் எப்படி நடக்கும்? ஆகையால் மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துக் கதைப்பார்கள். இருவரும் ஒரே குசினியில், ஒருவர் தும்மினால் மற்றவர் முகம் துடைக்கும் தூரத்தில் இருப்பார்கள். "சோறு போட்டாச்சு எண்டு சொல்லு" என்பார் ஒருவர். மூன்றாவது ஆள் வாய் திறக்கு முன்னமே, "பசிக்கேல்லை எண்டு சொல்லு" என்று மற்றவர் சொல்லிவிடுவார். மூன்றாவது ஆள் சும்மா நின்றால் போதும். ஆனால் நிற்க வேண்டும். ஆள் கிடைக்காத வீடுகளில் மாட்டைப் பார்த்துக் கதைப்பதும் உண்டு. மாடு என்னைவிட நன்றாகச் செய்யும், ஏனென்றால் அது இடையில் கருத்துச் சொல்லாது.

அப்பாவும் அம்மாவும் கிளிநொச்சியில் வயல் செய்யப் போயிருந்தார்கள். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுக்கும் உத்தியோகம் என்பதால், அக்கா வீட்டில் சாப்பிட்டு, அக்கா வீட்டிலேயே படுத்தேன். ஆகவே அந்த வீட்டின் நிரந்தர மூன்றாவது ஆள் நான். சாப்பாட்டுக்கு அது வாடகை மாதிரி.

கோபம் தொடங்கியது ஒரு பெயின்ற் பேணியால். அத்தான் ஒருமுறை விடுமுறையில் வந்தபோது, கப்பலின் அடிப்பக்கத்துக்குப் பூசும் செங்காவிப் பெயின்ற்றில் மிச்சம் இருந்ததைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கலியாணம் முடித்து மூன்று வருடத்தில் அவர் வீட்டில் நின்றது எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மாரிகாலமும் கொஞ்சமும்தான். நிற்கிற நாளில் வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த மனுசனுக்கு ஆசை. அக்கா ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தெருவாசல் கதவான பட‌லையைச் சிவப்பாக்கினார். பேணியில் இன்னும் இருந்தது. முன் மதிலின் கீழ்ப்பாதியையும் சிவப்பாக்கினார். பிறகு அதற்கு மேலே நேராக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். அதோடு விட்டிருக்கலாம். கப்பலின் முகப்பில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க இலக்கங்கள் எழுதியிருப்பார்களே, அவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மதிலில் எழுதினார். மாரியில் வெள்ளம் எவ்வளவு ஏறுகிறது என்று உள்ளே இருந்துகொண்டே பார்க்கலாமாம். ஏணியைப் பிடித்தவன் நான். இலக்கங்கள் நேராக இருக்கின்றனவா என்று தூர நின்று பார்த்துச் சொன்னவனும் நான்.

அக்கா வந்து பட‌லையடியில் நின்றாள். வீடு அவளுடைய சீதன வீடு. ஒழுங்கையால் போன ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, "பிள்ளை, கப்பல் எப்ப வெளிக்கிடுது?" என்று கேட்டார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டினாள். உள்ளே வந்து என்னைப் பார்த்து, "இது வீடோ, துறைமுகமோ எண்டு கேள்" என்றாள். அப்படித்தான் நான் வேலைக்கு எடுக்கப்பட்டேன்.

"கடல் தண்ணிக்கே ஏழு வருசம் நிக்கிற பெயின்ற் எண்டு சொல்லு" என்றார் அத்தான்.

"அந்த ஏழு வருசமும் நான் இவரோடை கதைக்கமாட்டன் எண்டு சொல்லு."

இரண்டொரு நாளில் அத்தானுக்குக் கப்பலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, அக்கா பக்கத்தில் நிற்க, என்னைப் பார்த்து, "நான் போட்டு வாறன் எண்டு சொல்லு" என்றார். அக்கா கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு, "போட்டு வரட்டாம் எண்டு சொல்லு" என்றாள். அவர்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

அது இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை பிடித்த வருடம். அத்தானின் கப்பல் கராச்சியில் பதிவு செய்யப்பட்டது. கப்பலை இந்தியக் கடற்படை பிடித்தது. கப்பலில் எந்தக் கொடி பறந்ததோ அந்தக் கொடிக்குக் கீழே நின்றவன் எல்லாம் எதிரி. சாம்பார் வைத்தவனும் எதிரி. அத்தான் தான் இலங்கைக்காரன் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அதைக் காட்டும் பத்திரங்களை எல்லாம், எதிரி கையில் சிக்கக் கூடாது என்று, கப்பல் தலைவன் கடலில் வீசிவிட்டான். ஆகவே விசாரித்து முடியும் வரை அவரும் கைதி என்று வைத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு வந்தது கப்பல் கொம்பனியின் தந்தி. அதை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் நான் மூன்றுதரம் தோற்றவன். ஊரில் மற்றவர்கள் ஒருதரத்தோடு விட்டுவிட்டதால், அந்தப் பாஷையோடு அதிக காலம் பழகியவன் என்ற பெயர் எனக்கு இருந்தது.

"கப்பல் பிடிபட்டது. ஆட்கள் உயிரோடு இருப்பதாக நம்பப்படுகிறது" என்றேன்.

"ஆர் நம்புறது?" என்று கேட்டாள் அக்கா.

"அது போடேல்லை."

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேலாக ஒன்றும் வரவில்லை. அக்கா மெலிந்து போனாள். அத்தானின் சட்டைகளைக் கிழமைக்கு ஒருதரம் எடுத்துத் துவைத்தாள். போடாத சட்டையை ஏன் துவைக்கிறியள் என்று கேட்டதற்கு, பூச்சி அரிக்கும் என்றாள். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு அம்மனிடம் போனோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நேர்த்தி வைத்தாள். அபிஷேகம், பொங்கல், அடிக்கொருதரம் விழுந்து கும்பிட்டு வீதி சுற்றும் அடி அழித்தல், ஒரு சேலை. நான் மெதுவாக, "கோபத்தை விடுறன் எண்டும் சேர்த்து நேருங்கோ அக்கா" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "அது வேறை, இது வேறை" என்றாள்.

பிறகு ஒரு நாள் தபால்கார அண்ணை ஒழுங்கை முகப்பிலேயே மணி அடிக்கத் தொடங்கி, வீடு வரும்வரை அடித்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு மட்டை. போர்க்கைதி அனுப்பும் தபால்மட்டை. அது வந்த வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். எங்கள் மேற்குக் கரையில் நின்று பலமாக இருமினால் இந்தியாவில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவு கிட்ட. முந்தி எங்கள் ஆட்கள் வள்ளத்தில் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்த ஊர் அது. ஆனால் கைதியின் தபால் சண்டையில் சேராத ஒரு நாட்டின் வழியாகத்தான் போகவேண்டும் என்று சட்டம். ஆகவே அந்த மட்டை இந்தியாவிலிருந்து வெளிக்கிட்டு, ஐரோப்பாவில் பனிமலை எல்லாம் பார்த்து, கொழும்புக்கு வந்து, ரயிலில் ஏறி, வேலணைக்கு வந்திருந்தது. என் அத்தானைவிட அந்த மட்டை அதிகம் உலகம் பார்த்தது.

அத்தானின் தாயார், எங்கள் மாமி, இரண்டு வளவு தள்ளி இருந்தவர், தலையை முடிந்துகொண்டே ஓடி வந்தார். அக்கா ஈரக்கையோடு வந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"அன்புள்ள மைத்துனனுக்கு..." என்று தொடங்கினேன்.

"ஆருக்கு?" என்றாள் அக்கா.

"எனக்கு."

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "வாசி."

மட்டையில் ஐந்து வரிக்குத்தான் இடம். தணிக்கைக்காரருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில்தான் எழுதலாம். கப்பலின் வானொலிக்காரன் எழுதிக் கொடுத்திருக்கிறான். கையெழுத்து மட்டும் அத்தானுடையது. நான் உயிரோடு இருக்கிறேன். காயம் இல்லை. மூன்று நேரமும் கோதுமை ரொட்டி. அம்மாவை அழவேண்டாம் என்று சொல். உன் அக்காவுக்குக் கோபம் ஆறிவிட்டதா என்று கேள்.

மாமி அழத் தொடங்கினார். அக்காவும் அழத் தொடங்கியவள்தான். கடைசி வரியோடு நிறுத்திக்கொண்டாள்.

"உயிரோடை இருக்கிறார்தானே?"

"ஓம்."

"கையெழுத்து அவற்றைதானே?"

"ஓம் அக்கா."

"அப்ப ஆறேல்லை எண்டு எழுது."

பதில் எழுதுவது என் தலையில் விழுந்தது. அதற்கும் விதிகள் இருந்தன. பெரிய எழுத்தில் எழுத வேண்டும். குடும்ப விஷயம் மட்டும் எழுத வேண்டும். கப்பலைப் பற்றியோ, துறைமுகத்தைப் பற்றியோ, இலக்கங்களையோ எழுதக் கூடாது. எங்கள் வீட்டுக் குடும்ப விஷயமே கப்பலும் இலக்கமும்தான். மதிலைப் பற்றி ஒரு சொல் எழுதினால் அத்தானைச் சுவரோடு வைத்துச் சுட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அக்காவோ எனக்குப் பின்னால் நின்று, முழு மகாபாரதத்தையும் ஐந்து வரிக்குள் அடக்கச் சொன்னாள்.

"கொழுப்புக் கூடிப்போச்சு எண்டு எழுது."

"அதுக்கு இங்கிலிசிலை என்னெண்டு அக்கா எழுதுறது?"

"மூண்டுதரம் சோதினை எடுத்தனி. உனக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்?"

அகராதியைப் பார்த்தேன். அகராதியில் கொழுப்புக்கு ஒரு சொல் இருந்தது. அதைப் போட்டேன். உங்கள் உடம்பில் கொழுப்பு அதிகம் என்று என் அக்கா கருதுகிறாள். எழுதி முடித்தபோது அது நல்ல வசனமாகவே எனக்குப் பட்டது.

சில மாதம் கழித்து அத்தானின் மட்டை வந்தது. தணிக்கைக்காரர் என் மட்டையை முகாம் வைத்தியருக்கு அனுப்பியிருக்கிறார். வைத்தியர் அத்தானைக் கூப்பிட்டு, வயிற்றை அமத்திப் பார்த்து, நேரத்துக்கு ஒரு ரொட்டியைக் குறைத்து, காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க விட்டிருக்கிறார். உன் அக்காவுக்குச் சந்தோசமா என்று கேள், என்று எழுதியிருந்தது. அக்கா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்து நான் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தி, "ஓம், சந்தோசம் எண்டு எழுது" என்றாள்.

"அக்கா, நீங்களே ரண்டு சொல்லு நேரை சொன்னால் என்ன?"

"முதல் ஆர் ஆருக்கு எழுதினது? பெண்சாதிக்கு எழுதினவரோ? மச்சானுக்குத்தானே எழுதினவர். மச்சானோடையே கதைக்கட்டும்."

நியாயம்தான். அவர் ஏன் எனக்கு எழுதினார்? அவள் கோபமாக இருக்கிறாள் என்று. இவள் ஏன் நேரே எழுதமாட்டாள்? அவர் எனக்கு எழுதினார் என்று. இரண்டு நாட்டுக்காரரும் இதற்குள் சண்டையை விட்டு, உடன்படிக்கை பேசத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தைக்கு மேசைகூடப் போடவில்லை.

இப்படியே போயிருந்தால் நானும் அந்த வேலையில் இருந்தே ஓய்வூதியம் எடுத்திருப்பேன். ஆனால் அடுத்த மட்டை வேறு மாதிரி வந்தது. விசாரணை முடிந்து, அத்தான் இலங்கைக்காரர்தான் என்று ஏற்றுக்கொண்டார்களாம். விடப் போகிறார்களாம். எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. ஊருக்கு அனுப்பலாம். அல்லது பம்பாயில் வேறொரு கப்பல் நிற்கிறது, சமையற்காரர் தேவை, அதில் ஏறினால் இரண்டு வருடத்துக்கு இறங்க முடியாது. எது என்று முகாமில் சொல்ல வேண்டும். கடைசி வரி: உன் அக்கா வா என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் கப்பலுக்குப் போகிறேன்.

அதை நான் வாசித்தபோது அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. பிறகு முன்னையைவிட வேகமாக வெட்டத் தொடங்கியது.

"என்ன எழுத?" என்று கேட்டேன்.

"விருப்பமெண்டால் வரட்டாம் எண்டு எழுது."

"அப்பிடி எழுதினால் அவர் வரமாட்டார்."

"வராட்டி விடட்டும்."

வாசற்படியில் இருந்த மாமி வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பிள்ளை, ஒருக்கா வாங்கோ எண்டு சொல்லன் மோனை. என்னைக் கேட்டிருந்தால் நான் நூறுதரம் சொல்லியிருப்பன். பெத்தவளை ஆர் கேக்கினம்?"

"நீங்கள் எழுதுங்கோ மாமி, நான் மறிச்சனானோ?"

"நான் எழுதினால் அம்மா அழுறா எண்டு விட்டிடுவான். சின்னனிலை இருந்து என்ரை அழுகையைப் பாத்துப் பழகினவன்."

அக்கா மீனைச் சட்டிக்குள் போட்டாள். வெட்டிய மீன் கறிக்கு ஆகாத அளவுக்குச் சின்னத் துண்டுகளாக இருந்தது. சொதிக்குத்தான் சரி.

எனக்கு அத்தானைத் தெரியும். 'விருப்பமெண்டால்' என்ற சொல்லைக் கண்டால் அவர் பம்பாய்க்குப் போய், கப்பலில் ஏறி, இரண்டு வருடத்துக்கு யாருக்கோ சாம்பார் வைப்பார். எனக்கு அக்காவையும் தெரியும். அந்த இரண்டு வருடமும் அவள் சட்டை துவைத்துக்கொண்டே இருப்பாள். அதைவிட, அந்த இரண்டு வருடமும் நடுவில் நிற்கப் போவது நான். அதனால் என் சொந்த நலனுக்காகவே ஒரு முடிவுக்கு வந்தேன்.

"அக்கா, நான் வேலையை விடுறன்."

"சங்கக்கடையையோ?"

"இல்லை. உந்த நடுவிலை நிண்டு கதை காவுற வேலையை. இனி என்னாலை ஏலாது. எழுதிறதெண்டால் நேரை சொல்லுங்கோ, சொல்லுச் சொல்லா எழுதித் தாறன். 'எண்டு சொல்லு' எண்டு வந்தால் பேனையை மூடிப்போடுவன்."

"கண்டறியாத வேலைநிறுத்தம்" என்றாள் அக்கா. "சோறும் நிறுத்தட்டோ?"

உண்மையாகவே நிறுத்தினாள். மத்தியானம் மாமி வீட்டில் சாப்பிட்டேன். பின்னேரம் வந்தபோது அக்கா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு, "விருப்பமெண்டால் வரட்டாம். அதை எழுத இஞ்சை ஒருத்தரும் இல்லை" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடு என்னைப் பார்த்தது. நான் உறுதியாக நின்றேன்.

அடுத்தநாள் தபால்கார அண்ணை வந்து பட‌லையில் சாய்ந்துகொண்டு, "கைதித் தபால் இருந்தால் இண்டைக்கே தாருங்கோ, பை கட்டப்போகினம்" என்றார். அக்கா வெளியே வந்தாள். புது ஆள் கிடைத்த சந்தோசம் அவள் முகத்தில்.

"அண்ணை, விருப்பமெண்டால் வரட்டாம் எண்டு அவருக்கு எழுதச் சொல்லி இவனுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

தபால்கார அண்ணை யோசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். "தங்கச்சி, நான் அரசாங்க உத்தியோகத்தன். எழுதி ஒட்டினதைத்தான் காவலாம். வாயாலை சொல்லுறது காவ எனக்கு அதிகாரம் இல்லை."

"நல்ல சட்டம்" என்றேன் நான்.

"நீ வாயை மூடு" என்றாள் அக்கா. அவள் என்னிடம் நேரே சொன்னாள் என்பதைக் கவனித்தேன்.

தபால்கார அண்ணை கப்பல் மதிலில் சாய்ந்து காத்திருந்தார். அக்கா அறைக்குள் போனாள், குசினிக்குப் போனாள், திரும்பி வந்தாள். நான் மேசையில் மட்டையை விரித்து வைத்து, பேனை மூடியைக் கழற்றி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுது."

"ஆருக்கு?"

"அவருக்குத்தான்."

"நேரையோ?"

"நேரை."

"சரி. எப்பிடித் தொடங்க?"

அக்கா அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, மிகவும் சின்னக் குரலில், "இஞ்சாருங்கோ" என்றாள்.

எங்கள் ஊரில் பெண்சாதி புருஷனின் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். இஞ்சாருங்கோ என்பாள். இங்கே பாருங்கள் என்பதுதான் அதன் கருத்து, ஆனால் பார்க்கச் சொல்வதற்கு இல்லை. ஒருத்தி ஒருவனை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். பட‌லை சிவப்பான நாளிலிருந்து அந்தச் சொல் அந்த வீட்டில் கேட்கவில்லை.

நான் அதை ஆங்கில எழுத்தில், பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன். மொழிபெயர்க்க முயலவில்லை. அகராதிக்கும் எனக்கும் இருந்த தொடர்பு ரொட்டி விஷயத்தோடு முடிந்துவிட்டது.

"எழுதியாச்சு. பிறகு?"

"பிறகென்ன? அவ்வளவுதான்" என்று அக்கா குசினிக்குள் போய்விட்டாள்.

மட்டையில் மிச்சம் முழுவதும் வெறுமையாக இருந்தது. அவ்வளவு இடத்தையும் வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஒரே கடித முடிவு எனக்குப் பாடம். அதைக் கீழே எழுதினேன்: தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன். ஆண்பால் என்பது பிறகுதான் மூளைக்கு எட்டியது, அதுவும் ஆங்கிலத்தில் தெரியாது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

முகாமில் நடந்ததைப் பின்னாளில் அத்தான் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தணிக்கைக்காரர் மட்டையைப் பார்த்துவிட்டுச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டார். ஒரே ஒரு சொல், எந்த அகராதியிலும் இல்லை. அதற்குக் கீழே யாரோ ஒருவன் கீழ்ப்படிகிறான். இதைவிடச் சந்தேகமான கடிதத்தை அவர் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை. பெரிய அதிகாரியிடம் போனது. உலகப் படத்தை விரித்து அப்படி ஒரு தீவு இருக்கிறதா என்று தேடினார்கள். அந்தப் பெயரில் கப்பல் உண்டா என்று பார்த்தார்கள். கடைசியில் அத்தானைக் கொண்டுவந்து கதிரையில் இருத்தி, மட்டையைக் காட்டி, இது என்ன சங்கேதம் என்று கேட்டார்கள்.

அத்தான் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்துவிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியதாம். அதிகாரிகளுக்குப் பயமாகிவிட்டது. பெரிய குண்டு ஏதோ வெடிக்கப் போகிறது என்று நினைத்தார்கள்.

"கருத்து என்ன?" என்று அதட்டினார் பெரியவர்.

"இங்கே பாருங்கள் என்று கருத்து, ஐயா."

"எங்கே?"

அத்தானுக்கு அதற்கு மேல் விளக்க ஆங்கிலம் இல்லை. ஆகவே அவர்கள் பார்த்தார்கள். மட்டையை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்கள். மறைத்து எழுதிய மை தெரிகிறதா என்று மெழுகுதிரியில் காட்டினார்கள். ஒரு மூலை கருகியது. தண்ணீரில் நனைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. பிறகுதான் மதுரைப் பக்கத்துச் சிப்பாய் ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் வாசித்துவிட்டு முதலில் முழித்தான். அத்தான் அவனிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் அதிகாரியைப் பார்த்து விறைப்பாக நின்று, இது பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற சொல், எங்கள் ஊரில் 'ஏங்க' என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் என்றானாம்.

"அவ்வளவுதானா? மிச்சக் கடிதம் எங்கே?"

"மிச்சம் தேவையில்லை சார். எங்க வீட்லயும் அப்படிக் கூப்பிட்டுட்டு சும்மாதான் நிப்பாங்க."

பெரிய அதிகாரி வடக்கத்தி மனிதர், பெரிய மீசை. தன் பெண்சாதியும் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றார். தணிக்கைக்காரரும் மேசையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாராம். பிறகு பெரியவர் கருகிய மட்டையை அத்தானிடம் கொடுத்து, பம்பாய்க்கோ ஊருக்கோ என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வேண்டிய ஆங்கிலம் அத்தானிடம் இருந்தது.

அத்தான் தலைமன்னாருக்குக் கப்பலில் வந்து, ரயில் ஏறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, தீவுப்பகுதி பஸ்ஸில் கோழிக்கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடை வேறு யாருடையதோ. பஸ்ஸில் இடம் இல்லாததால் கொடுத்திருக்கிறார்கள். மெலிந்திருந்தார். வைத்தியரின் வேலை. மாமி ஒழுங்கை முகப்பிலேயே பிடித்துக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் மாமியின் முதுகைத் தட்டிக்கொண்டு எங்கள் வாசலைப் பார்த்தார்.

அக்கா வாசலில் நின்றாள். புதுச்சேலை உடுத்தியிருந்தாள், கேட்டால் மற்றதெல்லாம் ஈரம் என்று சொல்லியிருப்பாள். அத்தான் முற்றத்துக்கு வந்து நின்றார். ஒரு வருடமாக ஐந்து வரியில், அதுவும் வானொலிக்காரன், தணிக்கைக்காரர், பனிமலை, நான் என்று எல்லாரையும் தாண்டிக் கதைத்த மனுசன். இப்போது பத்து முழத் தூரத்தில் ஒருத்தி நிற்கிறாள். அவர் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அக்காவிட்டைச் சொல்லு..."

"நான் இப்ப அந்த வேலையிலை இல்லை அத்தான்" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். முகாமில் துவக்கோடு நின்றவனைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். தொண்டையைச் செருமினார். பெட்டியைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார்.

"இஞ்சாரும்" என்றார்.

"என்ன?" என்றாள் அக்கா.

அவர் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். மாமி அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். நான் இருவருக்கும் நடுவில் நின்று இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஒண்டுமில்லை" என்றார் அத்தான். "கூப்பிட்டுப் பாத்தனான்."

"கூப்பிட்டாச்சுத்தானே. காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ, சோறு ஆறுது" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், நடுவிலை நிக்காதை. அங்காலை தள்ளு."